மாசி டின்னில் இருந்த மீன்

ரொட்டி வாங்கிக்கொண்டு இதோ வந்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் அலோசியஸ் போயிருக்கிறார். இந்நேரம் ரொட்டிக்கடையில் கூட்டம் இருக்கும். சாயங்கால ரொட்டி அடுப்பிலிருந்து இறங்கும்வரை எல்லாரும் நிற்பார்கள், அவரும் நிற்பார், பக்கத்தில் நிற்பவர் கப்பலிலிருந்து எப்போது வந்தீர்கள் என்பார், அடுத்து எப்போது போகிறீர்கள் என்பார், கப்பல்காரனைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்கும் வேறு எதுவும் கேட்கத் தெரியாது. அதனால் எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. மேசையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு பாக்கெட், பாக்கெட்டுக்குள் மீன். மீன் என்று சொன்னால் எங்கள் தூத்துக்குடிக்காரர்கள் சிரிப்பார்கள். தலை இல்லை, வால் இல்லை, முள் இல்லை, மெல்லிசாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றே இல்லாமல் பிளாஸ்டிக்கில் இறுக்கி வைத்திருக்கிறார்கள். நிறம் மட்டும் வெந்த இறாலின் நிறம். அந்த நிறம்தான் ஆளை ஏமாற்றுகிறது. பார்த்தவுடன் வெந்துவிட்டது என்று கண் சொல்லிவிடுகிறது, கண் சொன்னதை வாய் நம்பிவிடுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது. முன்னறையில் மாமி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார். கித்தேரி மாமி, என் மாமியார். ஜெபத்தில் திருவயிறு என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் நின்று போகிறது, நான் பிள்ளை உண்டான நாளிலிருந்து அப்படித்தான். மாமி ஜெபத்தை முடிப்பதற்கும் அவர் ரொட்டியோடு வாசல் ஏறுவதற்கும் முன்னால் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இதைத் தின்பதா, வேண்டாமா. வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது. சொல்வது என்ன பெரிய விஷயம், பெனிட்டா, வாயைத் திறந்தால் சொல் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கல்யாணமாகி வந்த இந்த வருஷங்களில் இந்த மேசையில் நான் எதையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

கேட்டது நான்தான், அதுவும் ஒரு சங்கடம். மசக்கை என்றால் மூன்று மாதத்தில் போய்விடும் என்றார்கள், எனக்கு ஆறாவது மாதம் நடக்கிறது, இன்னும் சோறு கொதிக்கும் வாடை வந்தால் நான் கொல்லைப்பக்கம் ஓடுகிறேன். வெங்காயம் ஆகாது, பால் ஆகாது, கோயிலில் சாம்பிராணி போட்டால் பாதிப் பூசையில் எழுந்து வெளியே போய்விடுகிறேன், சாமியார் என்ன நினைக்கிறாரோ. ஒரே ஒரு வாடைதான் என்னைப் புரட்டாமல் விட்டது. மாமி மாசிக் கருவாட்டைத் தணலில் வாட்டும்போது வரும் அந்தப் புகை வாடை. அது வந்தால் மட்டும் பசிக்கும். அலோசியஸ் கப்பலிலிருந்து வீடியோவில் பேசும்போது இதைச் சொல்லி வைத்தேன், ஏதோ பேச வேண்டுமே என்று சொன்னதுதான். எஞ்சின் அறையில் எண்ணெய்க்குள் புரளும் மனிதருக்கு இது எங்கே மனதில் தங்கப்போகிறது என்று நினைத்தேன். தங்கியிருக்கிறது. நார்வே பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிய அன்று, பனியில் நடந்துபோய், புகைபோட்ட மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார். வாங்கி, துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுருட்டி, பெட்டியில் வைத்து, இரண்டு விமானம் மாறி, மும்பையில் கம்பெனி ஆபீசுக்காக ஓர் இரவு தங்கி, பிறகு ரயிலேறி, வீட்டுக்கு வந்ததும் நான் பார்க்காத நேரம் சமையலறைப் பரணில் இருக்கும் மாசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு எடுக்கலாம் என்று. சற்று முன்னால் அந்த டின்னுக்குள் கைவிட்டு இதை வெளியே எடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்தால்கூட அந்த அளவு சிரிப்பாரா தெரியாது. நானும் சிரித்தேன், நிஜமாகவே சிரித்தேன், கண்கூடக் கலங்கியது. உடனே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப்பொடியாக எழுத்து, ஏழெட்டு பாஷையில். நடுவில் ஒரு வரி இங்கிலீஷ். குளிரிலேயே வைக்கவும். பக்கத்தில் ஒரு பனிப்பூ படம், படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும் என்று. என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியும், படமும் தெரியும், ஆனால் அவர் பார்த்திருக்க மாட்டார், பார்க்கத் தோன்றியிருக்காது. தப்பு அவருடையது மட்டுமில்லை, ஊருடையது. எங்கள் ஊரில் புகைபோட்ட மீன் என்றால் மாசி. சூரை மீனை அறுத்து, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகையில் போட்டு, வெயிலில் காயவைத்துக் கட்டையாக்கிவிடுவார்கள். அரிவாள்மணையில் வைத்தால் மணைதான் தேயும், இடித்துத்தான் பொடிக்க வேண்டும். டின்னில் போட்டு மூடினால் அடுத்த கிறிஸ்துமஸ்வரை அப்படியே கிடக்கும். அதை ஃபிரிஜ்ஜில் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் மாமி அவளைப் பைத்தியம் என்பார், பாலில் வாடை ஏறிவிடும் என்று ஒரு பாட்டம் திட்டுவார். புகை என்றால் தீ, தீ என்றால் வெந்தது, வெந்து காய்ந்தது கெடாது. இந்தக் கணக்கு எங்கள் எல்லார் மூளையிலும் சின்ன வயதிலேயே ஏறிவிட்டது, பாக்கெட்டைத் திருப்பும்வரை என் மூளையிலும் அதுதான் இருந்தது. போனை எடுத்துத் தேடிப் பார்த்தால் குளிர்ந்த புகை என்று போட்டிருக்கிறது. புகையில் குளிர்ந்த புகை என்று ஒன்று உண்டாம். உப்பைத் தடவி, வெக்கை படாமல், வெறும் புகையை மட்டும் காட்டி எடுத்துவிடுவார்களாம். அப்படியென்றால் இது வேகாத மீன். பச்சை மீன்தான். வெந்த இறால் நிறத்தில் ஒரு பச்சை மீன். பிள்ளை உண்டானவர்கள் இதை அப்படியே தின்ன வேண்டாம், கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத ஒரு கிருமி இருந்தாலும் இருக்கலாம், ஃபிரிஜ்ஜுக்குள் வைத்தாலும் அது வளரும், தாய்க்கு லேசான காய்ச்சலாக வந்து போனாலும் போகும், வயிற்றில் இருப்பதைத்தான் அது தேடிப்போய்ப் பிடிக்கும் என்று போன் சொல்கிறது. எல்லா பாக்கெட்டிலும் இருக்கும் என்று சொல்லவில்லை. இருக்கலாம் என்கிறது. இருக்கும் என்றால் தூக்கி எறிந்துவிடலாம், இல்லை என்றால் தின்றுவிடலாம். இந்த இருக்கலாம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்.

ஆவி பறக்கச் சூடாக்கினால் கிருமி செத்துவிடும், அப்புறம் தின்னலாம் என்றும் அதே போன் சொன்னது. அதைப் படித்ததும் எனக்கு உயிர் வந்தது. அவ்வளவுதானே, தோசைக்கல்லில் போட்டு நன்றாகப் புரட்டி எடுத்துவிட்டால் போகிறது, சுடச்சுடத் தின்றால் இன்னும் ருசி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அவரும் சந்தோஷம், நானும் சந்தோஷம். எழுந்து அடுப்புவரை போய்விட்டேன். கல்லைக்கூட எடுத்தேன். அப்போதுதான் பரணில் மாசி டின் கண்ணில் பட்டது, மூடி பாதி திறந்தபடி. இது ஃபிரிஜ்ஜில் இருந்த மீன் இல்லை. பெட்டிக்குள்ளும் ரயிலுக்குள்ளும் டின்னுக்குள்ளும் கிடந்த மீன். தூத்துக்குடி வெயிலில், அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில். கல்லைக் கீழே வைத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தேன். காற்றில்லாத பாக்கெட்டில் இப்படி வெளியே கிடந்தால் வேறொரு விஷமும் ஊறலாம், சூடாக்கிவிட்டோம் என்று நம்பவேண்டாம், தூக்கிப்போடுங்கள் என்கிறது. சரி, தூக்கிப்போடலாம். ஆனால் நார்வே குளிர் நாடு, வாங்கிய முதல் நாள் பெட்டியும் குளிர்ந்துதானே இருந்திருக்கும். விமானத்தில் பெட்டிகள் வைக்கிற இடமும் குளிர் என்பார்கள். அப்படியென்றால் மும்பை. மும்பை சூடு. ரயிலில் ஏ.சி. போட்டிருப்பார்கள், ஆனால் பரணில் ஏது ஏ.சி. பாக்கெட்டை அழுத்திப் பார்க்கிறேன். உப்பியிருக்கிறதா. இல்லை. ஓரத்தில் லேசாக உப்பியிருக்கிறதோ. விரலை எடுத்தால் உப்பல் இருக்கிறது, விரலை வைத்தால் இல்லை. காலையில் அழுத்திப் பார்த்திருந்தால் ஒப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், காலையில் எனக்கு இப்படி ஒன்று வீட்டில் இருப்பதே தெரியாது. முதலில் சூடு, பிறகு டின், பிறகு உப்பல், மறுபடி சூடு. செக்கு மாடுகூட இதைவிட வேகமாக ஒரு சுற்றை முடித்துவிடும். உள்ளே இருப்பது ஒருமுறை புரள்கிறது. அதற்கு என்ன தெரியும், நான் எதை அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும், வேண்டாம் என்று சொல்ல அதற்கும் தெரியாது, என்னைப் போலவே.

வயிற்றில் இருந்த முதல் பிள்ளை போனதும் இதே ஆறாவது மாதத்தில்தான். அதற்கு ஒரு பெயர்கூட நாங்கள் வைத்திருக்கவில்லை, அவர் கப்பலிலிருந்து வந்த பிறகு யோசிக்கலாம் என்று தள்ளிப் போட்டிருந்தோம், அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரணம் தெரியவில்லை, சில சமயம் இப்படி ஆகும், நீங்கள் செய்த எதனாலும் இல்லை என்று டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் அவர் சொன்னது காதில் ஏறுவதற்கு முன்னாலேயே மருந்து வாங்கிக்கொண்டு வந்த மாமி கட்டிலின் தலைமாட்டில் குனிந்து கேட்டுவிட்டார், என்ன தின்ன பிள்ள என்று. அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை. என்ன தின்ன. அதன் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள், பப்பாளியா, அன்னாசியா, எள்ளுருண்டையா, நண்டு தின்றாயா என்று. எதைச் சொன்னாலும் ஆங் என்று தலையாட்டினார்கள், ஒன்றும் தின்னவில்லை என்றாலும் ஆங் என்றார்கள். நானும் என்னையே எத்தனை முறை கேட்டிருப்பேன். அன்று காலையில் புட்டும் பழமும். மத்தியானம் சோறு, ரசம். சாயங்காலம் வெள்ளரிக்காய் ஒரு துண்டு. ராத்திரி கணவாய்க் குழம்பு, காலையில் வைத்தது, மாமிதான் ஊற்றிக் கொடுத்தார். படுக்கப் போகும்போது தண்ணீர். திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் இதற்குமேல் ஒன்றும் இல்லை, இருந்தும் திருப்பிப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று இப்போது ஆளாளுக்குக் கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் என்ன தின்றாய் என்று கேட்கப் போகிறவர்களும் இவர்கள்தான். ஊட்டும்போது நன்றாகச் சிரிக்கிறார்கள், அதனால் வாங்கித் தின்கிறேன். இந்த மீனைத் தின்று, ஏதாவது ஆகி, மறுபடி ஒரு கட்டிலில் நான் கிடந்து, மாமி குனிந்து கேட்டால், உங்கள் மகன் ஆசையாகக் கொண்டுவந்த மீன் என்று நான் சொல்வேனா. சொல்ல மாட்டேன். அந்த மனிதரின் தலையில் அதைக் கட்டிவிட்டு அவரைத் திரும்பக் கடலுக்கு அனுப்ப என்னால் ஆகாது. ஒன்றும் தின்னவில்லை மாமி என்பேன். ஆங் என்று தலையாட்டுவார்.

மாமியைப் பற்றி எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை நான் உண்டானதிலிருந்து என் தட்டில் மாமி எதை வைத்தாலும் அதிலிருந்து முதலில் ஒரு விள்ளல் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார். சோறு, குழம்பு, பொரியல், யாராவது கொண்டுவந்த பலகாரம், எதுவானாலும் சரி. உப்புப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். உப்புப் பார்ப்பதென்றால் சட்டியில் பார்க்க வேண்டியதுதானே, என் தட்டில் எதற்கு. அதோடு விடுவதில்லை. வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டு, காய்ந்த துணி மடிப்பார், கொடியில் கிடப்பதை எடுப்பார், சும்மா கதவருகே நின்று தெருவைப் பார்ப்பார். துவைத்த துணி முழுவதையும் மடித்து முடித்த பிறகுதான் தட்டை என் பக்கம் தள்ளி, தின்னு என்பார். அதற்குள் சோறு ஆறி அவலாகிவிடும். எதையும் சுடச்சுடச் சாப்பிடு, ஆறிப்போனதைத் தின்னாதே என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறாள், இங்கே மாமி நன்றாக ஆறவைத்துத்தான் தருகிறார். ஏதாவது நேர்ச்சையாக இருக்கும், அல்லது வயதானால் வரும் பெருந்தீனியாக இருக்கும், என் தட்டில் இருப்பதுதான் அவருக்கு ருசிக்கிறதுபோல என்றெல்லாம் நினைத்து, கேட்டால் சண்டையாகும் என்று விட்டுவிட்டேன். ஆறிய சோற்றைத் தின்று தின்று எனக்குச் சூட்டின் ருசியே மறந்துபோயிற்று. ஜெபமாலை இப்போது கடைசியில் வரும் மாதா பிரார்த்தனைக்கு வந்துவிட்டது, அதை மாமி ரயில் போகிற வேகத்தில் சொல்வார்.

ஆக, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. சுத்தபோசனம் என்று சொல்லலாமா. வெள்ளிக்கிழமைதான், ஆனால் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது, மீன் தின்னலாம், மீன்காரர் ஊரில் போய் மீன் கூடாது என்று எந்தச் சாமியார் சொல்வார். வாந்தி வருகிறது என்று சொல்லலாம், அது பழகிப்போன பொய், பாதி நிஜமும்கூட. ஆனால் ராத்திரி தின்னு என்று எடுத்து வைப்பார், ராத்திரி இல்லையென்றால் காலையில், அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்ததை விட்டுவிடுவாரா. கை தவறிக் கீழே விழுந்ததுபோல் போட்டுவிட்டால். நம் வீட்டில் கீழே விழுந்த மீனைக் கழுவித் தின்போம். பூனை இருக்கிறது. கொல்லையில் சுற்றும் சாம்பல் பூனைக்குத் திறந்து வைத்துவிட்டு, ஐயோ தூக்கிக்கொண்டு போய்விட்டதே என்று சத்தம் போடலாம், அது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தேன். பூனை துவைக்கிற கல்லுக்குக் கீழே படுத்திருந்தது, பக்கவாட்டில், குட்டி சுமந்த வயிறு இரண்டு பக்கமும் பிதுங்க. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட முடியவில்லை அதற்கு. கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

சூடான ரொட்டியைக் காகிதத்தோடு மேசையில் வைத்துவிட்டு, கப்பலில் கூட வேலை பார்த்த ஒருவன் சொன்னானாம், ரொட்டியில் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து அப்படியே தின்னவேண்டும் என்று, அதைச் சொல்லிக்கொண்டே அலோசியஸ் கத்தியை எடுத்து பாக்கெட்டின் ஓரத்தைக் கீறினார். வாடை வந்தது. நான் பயந்ததுபோல் கெட்ட வாடை ஒன்றும் இல்லை. புகை. உப்பு. விறகு அணைந்த அடுப்பு. மாமி தணலில் மாசி வாட்டும்போது வருவதைவிட மெல்லிசாக, இன்னும் ஆழமாக. மாதக்கணக்கில் எனக்கு இந்த அளவு வராத பசி வயிற்றிலிருந்து எழுந்து தொண்டைவரை வந்து நின்றது, கையைக் கட்டிக்கொள்ளாவிட்டால் நானே எடுத்து வாயில் போட்டிருப்பேன். கெட்டிருந்தால் இப்படி மணக்குமா என்று மனம் கேட்டது. மூக்குக்குத் தெரியாது என்று படித்தாயே என்று அதே மனம் சொன்னது. ஒரு துண்டுதான், ஒரு துண்டில் என்ன வந்துவிடப்போகிறது. ஒரு துண்டு போதும். அவர் ரொட்டியின் மேல் ஒரு சீவலை மடித்து வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, என் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாந்தி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டபடி மாமி வந்துவிட்டார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. வழக்கம்போல என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தச் சிவப்புச் சீவலிலிருந்து ஒரு விள்ளலைக் கிள்ளி எடுத்தார்.

நான் சொல்லவிருந்த பொய் எனக்கு மட்டும் போதுமான பொய், அது அப்போதுதான் தெரிந்தது. வாந்தி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்வேன், மாமி தின்பார், அவரும் தின்பார், தாயும் மகனும் இந்த மேசையில் உட்கார்ந்து தின்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கை தானாகப் போய் மாமியின் மணிக்கட்டைப் பிடித்தது. மாமியாரின் கையை நான் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"தின்னாதீங்க மாமி. அது மாசி இல்ல. வேகாத மீன்."

"புகை போட்டதுட்டி," என்றார் அலோசியஸ். "பாக்கெட்லயே போட்டிருக்கான்."

"புகைதான் போட்டிருக்கான், தீ போடல. ஃபிரிஜ்ல வைக்கணும்னும் போட்டிருக்கான். நீங்க மாசி டின்ல வச்சிட்டீங்க."

அவர் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினார். அந்தப் பொடி எழுத்தையும் பனிப்பூவையும் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகம் விழுவதை நான் பார்க்கவில்லை, மாமியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது இன்னும் விள்ளலைக் கீழே போடவில்லை. நான் தின்று பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் நீ தின்னு, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டதாயிற்றே என்று மாமி சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோல. இது துணி மடிக்கிற நேரத்தில் தெரியாது மாமி, வாரக்கணக்கில் ஆகும், உங்கள் வயதுக்கும் ஆகாது என்று நான் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணி மடிக்கிற நேரம் என்று என் வாயில் எப்படி வந்தது என்று யோசித்தேன். மடித்த துணிகள், கதவருகே நின்ற நேரங்கள், ஆறிப்போன சோறு எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்து நின்றன.

"எதுக்கு மாமி எல்லாத்தையும் மொதல்ல நீங்க தின்னு பாக்கீங்க?"

மாமி என்னைப் பார்க்கவில்லை. விள்ளலைத் தட்டில் வைத்துவிட்டு விரலை முந்தானையில் துடைத்தார்.

"போன தடவ பாக்காமக் குடுத்துட்டேன்லா," என்றார்.

கணவாய்க் குழம்பு. காலையில் வைத்தது, ராத்திரி ஊற்றிக் கொடுத்தது. என்ன தின்ன பிள்ள என்று கட்டிலின் தலைமாட்டில் குனிந்து கேட்டபோது அவர் என்னிடம் கேட்டது அதைத்தான். நீங்கள் ஊற்றிய குழம்பு இல்லை மாமி, வேறு எதையோ தின்றேன் என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேனா என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஆளுக்கொரு பக்கம் அதே ராத்திரிச் சாப்பாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. எதனாலும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார் மாமி, அன்றைக்கே சொன்னார், நீங்கள் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தீர்கள், நான் உங்களிடம் சொல்லவே இல்லை என்றேன். மாமி ஆங் என்று தலையாட்டவில்லை. நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். நிஜமாவா சொன்னாவ என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

அலோசியஸ் மீனையும், அந்த ரொட்டித் துண்டையும், எலுமிச்சம்பழத் தோலையும் சேர்த்துப் பழைய பேப்பரில் பொதிந்து, கவரில் போட்டு, பூனைக்கு எட்டாதபடி இரண்டு முடிச்சுப் போட்டார். குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோகும்போது வாசலில் நின்று, அப்ப என்னத்தத் தின்னப்போற என்று மட்டும் கேட்டார், என் பக்கம் திரும்பாமல். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு பனியில் நடந்துபோய் வாங்கினீர்களே, அது எனக்குப் போதும் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். மாமி எழுந்து பரணிலிருந்து டின்னை இறக்கி, ஒரு மாசித் துண்டை எடுத்துத் தணலில் வாட்டினார். பட்டென்று புகை எழுந்தது. வீடு முழுக்க அந்த வாடை. இடித்து, தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சட்டியில் புரட்டி, வடித்த சோற்றோடு என் தட்டில் வைத்தார், வைத்த கையோடு ஒரு விள்ளலைக் கிள்ளினார். பழக்கம் விடுமா. நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. நானும் ஒரு விள்ளலை எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணாத் தின்போம் மாமி. ஆறிரும்."

மாமி என் கையைப் பார்த்தார், கொடியில் கிடந்த துணியைப் பார்த்தார், அப்புறம் தன் விள்ளலை வாயில் போட்டார். நானும் போட்டேன். சோறு நாக்கைச் சுட்டது, வாயைத் திறந்து ஊதிக்கொண்டே தின்றேன்.